நனையாத துண்டு

"பத்தே நாளில் நீச்சல். அனைவருக்கும் திருப்தி" என்று நீச்சல் குளத்து வாசலில் போர்டு வைத்திருந்தார் நீச்சல் மாஸ்டர் தனுஷ்கோடி. அங்கே துண்டு துவைக்கும் பேச்சியம்மாளுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆறு மாதமாக மாஸ்டர் துண்டு மட்டும் ஒருநாளும் நனைந்து வந்ததில்லை.

அன்று பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் முன்னால், "இவளும் என்கிட்டதான் கத்துக்கிட்டா. சொல்லு பேச்சி" என்று அதட்டினார்.

"சொல்வானேன் மாஸ்டர், நீந்தியே காட்டுறேன். மூழ்கினா நீங்க குதிச்சுத் தூக்கிர மாட்டீங்களா?" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆழமான பக்கம் போய், தண்ணீருக்கு மேலே ஒரு காலை நீட்டினாள்.

மாஸ்டர் அலறிவிட்டார். "குதிக்காத தாயி, எனக்கு நீச்சல் தெரியாது."

பேச்சியம்மாள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இதைப் போர்டுல எழுதுங்க. பிள்ளையைத் தண்ணியில இறக்குறவங்க படிக்கட்டும்."