தென்கரை நண்டு

மிக்கேல்ராஜுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவர். திடீரென்று என்ன தோன்றியதோ, கடல் உயிரியல் துறையில் முனைவர் படிப்புக்கு நுழைவுத்தேர்வு எழுதினார். தேறியும் விட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான். வேலையை விட்டால்தான் சேர முடியும். விடுவதா வேண்டாமா என்று சாயங்காலத்துக்குள் தலைமை ஆசிரியருக்குச் சொல்லியாக வேண்டும்.

காலையிலேயே பேராசிரியர் முத்துநாச்சியார் முன்னால் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா இவரைவிட ஏழு வயது இளையவர்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்ககிட்ட ஆராய்ச்சி பண்ண வந்தவங்க எல்லாம் இப்ப என்ன ஆனாங்க?"

முத்துநாச்சியார் ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒன்பது பெயர், ஒன்பது போன் நம்பர்.

"பாதியில விட்டுட்டுப் போனவங்களும் இதுல இருக்காங்க சார். நீங்களே கேளுங்க."

இப்படியும் ஒரு பேராசிரியரா! மற்றவர்கள் பாதியில் போனவன் பெயரை வாயில்கூட எடுக்க மாட்டார்கள்.

மிக்கேல்ராஜ் துறையின் படிக்கட்டில் உட்கார்ந்தார். வாத்தியார் அல்லவா, முதல் வேலையாக ஒரு தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். பெயர், எத்தனை வருஷம், உதவித்தொகை, இப்போது என்ன வேலை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

மதியம் தாண்டி உள்ளே வந்தபோது முகம் உம்மென்று இருந்தது.

"என்ன சார், பேசினீங்களா?"

"ஒன்பது பேர்கிட்டயும் பேசிட்டேன். ரெண்டு பேர் காலேஜ்ல இருக்காங்க. ஒருத்தர் இறால் பண்ணை வச்சிருக்கார். ஒரு பொண்ணு நார்வேயில. ஒருத்தர் இன்சூரன்ஸ் பிடிக்கிறார். மத்தவங்க ஆளுக்கொரு திசை. உதவித்தொகை முதல் எட்டு மாசம் வராது, வீட்ல சொல்லிட்டு வாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"ஆனா சேரலாமா வேண்டாமான்னு கேட்டா ஒருத்தரும் பிடி கொடுக்கலை மேடம். என்னையே திருப்பிக் கேக்கிறாங்க. தென்கரை நண்டு இப்பவாவது வளையை அடைக்குதான்னு. அந்த இன்சூரன்ஸ்காரர் படிப்பை விட்டு ஆறு வருஷமாச்சு. அவரும் அதையேதான் கேக்கிறார்!"

முத்துநாச்சியார் அவர் கையிலிருந்த கட்டம் போட்ட தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு திருப்பினார். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். ஒரு கழிமுகம், இரண்டு கரை, வளைகள், அம்புக்குறிகள்.

"இது என்ன சார்?"

மிக்கேல்ராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பேசிக்கிட்டே கிறுக்கிட்டேன் மேடம். இறால் பண்ணைக்காரர் சொன்னார். ஒரே ஆறு, ஒரே சாதி நண்டு. கடல் தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி வடகரை நண்டு வளையைச் சேத்தால அடைச்சிடுமாம். தென்கரை நண்டு திறந்தே போட்டு வச்சிருக்குமாம். மண்ணு வேறயா இருக்குமோ, இல்ல தண்ணி ஏறுற வேகமோன்னு..."

மேசை மேல் அவர் போன் அடித்தது. தலைமை ஆசிரியர்தான், மூன்றாவது தடவை. மிக்கேல்ராஜ் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"ஏன் மேடம் அது அடைக்கிறதில்லை?"

முத்துநாச்சியார் சேர்க்கைப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எனக்குத் தெரியாது சார். அதனாலதான் ஒரு இடம் காலியா இருக்கு."