பேட்டரி காத்த சொல்

ஜாதகம் கணிக்கிற கம்ப்யூட்டர் ஒன்று பூட்டிய கடைக்குள் ஒன்பது வருஷம் கிடந்தது. கரண்ட் இல்லை. ஃபேன், மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் செத்த மாதிரி தூங்கின. பொத்தான் அளவு பேட்டரி ஒன்று மட்டும் தூங்கவில்லை. இருட்டில் தனியாக நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. யாருக்காக என்று அதற்கே தெரியாது. நிறுத்தத் தெரியாததால் எண்ணியது.

கடைக்காரர் சபாபதி போன மாதம் இறந்துபோனார். காரியம் முடிந்ததும் அவர் தங்கை தெய்வானை அந்தக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி, பீர்முகமதுவின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் தெய்வானைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. விடிவதற்குள் அண்ணன் அதை யாரிடமோ கொடுத்துவிட்டார். யாரிடம் என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். “அப்படி யாரும் இல்லையே.” கோபமே இல்லாமல் சொல்வார். இப்போது சாவு வீட்டில் அண்ணி காதோடு சொல்லியிருந்தாள்: குழந்தைக்கு அவர் இந்தக் கம்ப்யூட்டரில்தான் ஜாதகம் கணித்தார், வளர்க்கிறவர்கள் பேரும் ஊரும் அதில் இருக்கிறது.

பீர்முகமது ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் இருமிக்கொண்டு சுற்றியது. திரை பாஸ்வேர்டு கேட்டது.

தெய்வானை தன் பெயர், சாமி பெயர், நட்சத்திரம் என்று தெரிந்ததெல்லாம் சொல்லிப் பார்த்தாள். திறக்கவில்லை. டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறொன்றில் மாட்டலாம் என்றால், அதன் பழைய இரட்டை வயருக்கு இப்போதைய எந்த கம்ப்யூட்டரிலும் இடமில்லை. திறக்காவிட்டால் பார்ட்ஸ் பார்ட்ஸாகக் கழற்றத்தான் வேண்டும் என்றார் பீர்முகமது.

அது பெட்டிக்குள் இருந்தவற்றுக்கும் கேட்டது.

“பெரியவரே, நீர் காக்கிற அந்த ஒரு பாஸ்வேர்டு சொல்லை விட்டுத் தொலையுமேன்” என்றது ஃபேன், பேட்டரியிடம். “உம்மால எங்க கழுத்துக்கும் ஸ்க்ரூடிரைவர் வருது.”

“விடுறதுக்கு எனக்கு வாய் கிடையாது” என்றது பேட்டரி. “நான் இருக்கிற வரைக்கும் அது இருக்கும்.”

“அந்தக் குழந்தை என்கிட்டதான் இருக்கு” என்றது ஹார்ட் டிஸ்க். “பொறந்த நிமிஷத்தோட இருக்கு. பெத்தவ வெளிய நிக்கிறா.”

பேட்டரி இன்னொரு நொடியை எண்ணிவிட்டுச் சொன்னது.

“என்னைப் பிடுங்கினா பூட்டு போயிடும். ஆனா நான் பூட்டை மட்டும் வச்சிருக்கல.”

“ஆமா, நொடிக்கணக்கும் வச்சிருக்கீரு” என்று ஃபேன் சிரித்தது. வேறென்ன வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

பீர்முகமதுவுக்கு ஒரு வழி தெரியும். எத்தனையோ கம்ப்யூட்டர்களில் செய்து பழகிய வழி. நகத்தால் நெம்பிப் பேட்டரியை வெளியே எடுத்தார். எண்ணிக்கொண்டிருந்த நொடி பாதியில் நின்றது.

ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டார். பாஸ்வேர்டு கேட்கவில்லை. தெய்வானை ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரையில் தேதி வந்தது. குழந்தை பிறப்பதற்குப் பல வருஷம் முந்திய ஒரு ஜனவரி ஒன்று.

“அக்கா, கூப்பிடுங்க, நான் தயார்” என்றது ஹார்ட் டிஸ்க், மதர்போர்டிடம்.

“யாரது?” என்றது மதர்போர்டு.

“நான்தான். இத்தனை வருஷம் உங்க பக்கத்திலேயே இருந்தேனே.”

“எனக்கு அப்படி யாரையும் நினைவில்லையே.”

டிஸ்க் எந்த வகை, எத்தனை தட்டு, எத்தனை வட்டம் என்ற அடையாளமெல்லாம் பேட்டரியின் காவலில்தான் இருந்தது; அதைப் பிடுங்கியதும் பூட்டோடு சேர்ந்து அதுவும் அழிந்துவிட்டது. அந்த எண்களைப் போட்டு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பூச்சி தின்றிருந்தது. தப்பு எங்கே என்று பீர்முகமதுவுக்கு அப்போதுதான் புரிந்தது. அதைத் தெய்வானையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். ஒரு புதுப் பேட்டரியை வைத்தார். “என்னைக் கேட்காதீங்க, நான் இன்னிக்குத்தான் வந்தேன்” என்றது அது. சாயங்காலம் வரை ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தார். டிஸ்க் கிட் கிட் என்று உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தது. மதர்போர்டு எதற்கும் திரும்பவில்லை.

கடைசியில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முதலில் ஃபேன் போனது. வேறொரு பெட்டிக்கு ஆகும். அடுத்து டிஸ்க் பக்கம் கை போனபோது தெய்வானை தடுத்தாள். டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கதகதப்பாக இருந்தது. கைக்குக் கீழே ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

“உள்ளதான் இருக்கு பாய். இன்னும் ஒரே ஒரு தடவை கேளுங்க.”

அவர் கேட்டார்.

மதர்போர்டு பொறுமையாக எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னது.

“அப்படி யாரும் இல்லையே.”