பூங்கிழங்கு வாங்கிய காத்தாயி

முன்னொரு காலத்தில், மலை எது மேகம் எது என்று யாரும் எல்லை பிரித்து வைக்காத நாளில், நீர்மலை நாட்டின் கடைசிச் சரிவில் கூதலூர் என்றொரு சின்ன ஊர் இருந்தது. அந்த ஊரில் காத்தாயியும் அவள் புருஷன் வேடியப்பனும் வாழ்ந்தார்கள். காத்தாயி தேனெடுப்பவள். பாறைத் தேன் தேடிக் காட்டுக்குள் போனால் திரும்பி வர நாலைந்து நாளாகும்.

ஓர் ஐப்பசி மாதம் அப்படிப் போனவள் தேன்குடத்தோடு திரும்பி வந்தாள். ஊர் எல்லையில் நாய்கூடக் குரைக்கவில்லை. வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன. அடுப்புகளில் கஞ்சி கரிந்து, சாம்பல் ஆறியிருந்தது. உரலில் பாதி குத்திய தினை அப்படியே இருந்தது. தூளி வெறுமையாகத் தொங்கியது. “யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். எதிர்மலை அதையே திருப்பிக் கேட்டது. தன் வீட்டு வாசலில் வேடியப்பனின் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்தபடி இருப்பதைக் கண்டாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அப்போது உரலடியில் தினை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு முள்ளம்பன்றி தலையைத் தூக்கிப் பேசியது.

“அழாதே. அவங்க சாகலை. நான் பார்த்தேன்.”

அது சொன்ன விவரம் இதுதான். விடம்பன் என்ற மந்திரவாதி வியாபாரி வேஷத்தில் வந்தானாம். குளிர் போக்கும் மருந்து என்று சொல்லி ஊரையே கூட்டி உட்காரவைத்துப் புகை போட்டானாம். புகையை இழுத்தவர்கள் ஒவ்வொருவராகச் சுருங்கி, வெங்காயம் போலத் தோல்மேல் தோல் மூடிய பூங்கிழங்காக உருண்டார்களாம். நாயும் தப்பவில்லை. மனுஷக் கிழங்கில் பூத்த பூ வாடாது. பட்டணத்து ராணி வசந்தத் தோட்டம் போடுகிறாள். அதற்காகத்தான் அவன் அவர்களை மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

“ராணி தோட்டத்தில் நட்டால் பூவாகவே நின்றுவிடுவாங்க. அவங்கவங்க வாசல் மண்ணில் நட்டால் வசந்தத்தில் மனுஷராக எழுந்து வருவாங்க. சீக்கிரம் போ” என்றது முள்ளம்பன்றி. பனி இறங்கிவிட்டால் தன் இனம் வாய் திறப்பதில்லை, இனித் தன்னிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வளைக்குள் போய்விட்டது.

காத்தாயி தேன்குடத்தைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினாள். நடந்தாள், நடந்தாள், சந்தைக் கூச்சல் காதில் விழும்வரை நடந்தாள்.

சந்தை நடுவே நெட்டையாக ஒருவன் கோலை ஊன்றி நின்று கூவிக்கொண்டிருந்தான். “நட்டால் முளைக்கும்! முளைத்தால் பூக்கும்! பூத்தால் வாடாது!”

அவள் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். பெருத்து, மேல்தோல் சிலிர்த்து நின்ற கிழங்கு ஊர்த்தலைவர்தான். ஒட்டிப் பிறந்தது போலிருந்தவை பக்கத்து வீட்டு இரட்டையர்கள். பூண்டுப் பல் அளவே இருந்தது தூளிக் குழந்தை. பிறகு ஒன்றை எடுத்தாள். அது அவள் கைக்குப் பழகின கனமாக இருந்தது.

மூட்டையோடு வேண்டும் என்று கேட்டுத் தேன்குடத்தை நீட்டினாள். விடம்பன் ஒரு விரல் தொட்டு நக்கினான். எந்த மலைத் தேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தான். ஏங்கி ஏங்கித் தோற்றுப்போன ஒருத்தியின் கிழங்கில் பூக்கும் பூவுக்கு ஈடில்லை. அப்படி ஒன்று அவனிடம் இதுவரை இல்லை.

“கொண்டுபோ, பெண்ணே. ஆனால் வசந்தத்தில் பூ விரியும்வரை நீ அங்கே தனியாக இருக்க வேண்டும். நட்டதைத் தோண்டிப் பார்க்கக் கூடாது” என்றான். கோலால் தரையில் வட்டமிட்டு ஆணையும் இட்டான். “கூதலூர் மண்ணில் நட்ட கிழங்கை எந்தக் கை தோண்டினாலும், அந்தக் கைக்குரியவர் கிழங்காகட்டும்!”

காத்தாயி சரியென்றாள். ஊர் திரும்பியதும் வாசல் வாசலாகக் குழி தோண்டினாள். நீர் தேங்காமல் அடியில் மணல் போட்டு, காட்டிலிருந்து அள்ளிவந்த மக்கிய இலையைக் கலந்து, வேர் கீழே முனை மேலே இருக்கும்படி ஒவ்வொரு கிழங்கையும் பெயர் சொல்லி வைத்து மூடினாள். எல்லாருக்கும் ஒரு சாண் ஆழம். வேடியப்பனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. குளிருமே என்று இன்னும் ஆழமாக வைத்து, மண்ணை அதிகம் போட்டு, மேலே வைக்கோலையும் கனமாகப் பரப்பினாள்.

பிறகு காத்திருந்தாள். விறகு பொறுக்கினாள், கஞ்சி காய்ச்சினாள், காத்திருந்தாள். ஒரு ஆளுக்குக் கஞ்சி காய்ச்ச அவளுக்கு வரவில்லை. தினமும் கூடிப்போனது. ஆரம்பத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசிப்பார்த்தாள். பதில் வராத பேச்சு தொண்டையில் கசந்தது. போகப்போக அதையும் விட்டுவிட்டாள்.

மார்கழிப் பனியில் ஒருநாள் தலைவர் வீட்டு மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தது. “காத்தாயி, குளிருதும்மா. வெளியே எடு.” நட்ட கிழங்கு பேசாது, அது விடம்பன் ஏவிய குரல் என்று தெரிந்தாலும் அவள் கை மண்வரை போய்விட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தோண்டவில்லை.

தை மாதத்தில் தூளி தொங்கிய வீட்டு வாசலில், மண்ணுக்கடியில் குழந்தை வீறிட்டு அழுதது. காத்தாயி தன் போர்வையை எடுத்து அந்த மண்மேல் போர்த்தி, பக்கத்திலேயே படுத்து, அது ஓயும்வரை தட்டிக்கொடுத்தாள், தோண்டவில்லை.

மாசியில் மண் வெடித்தது. பச்சை மூக்குகள் வாசல்தோறும் எட்டிப்பார்த்தன. தலைவர் முளைத்தார், இரட்டையர்கள் முளைத்தார்கள், குழந்தையும் முளைத்தது. அவள் வாசல் மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தது. பங்குனி பிறந்து மற்ற செடிகளில் மொட்டு விட்டபோதும் அது அப்படியேதான் கிடந்தது. அங்கிருந்து எந்தக் குரலும் வரவில்லை. காதை மண்ணில் வைத்துக் கேட்டாள். பொய்க்குரல் வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அப்போது விடம்பன் நேரிலேயே வந்தான்.

“உன் புருஷன் அழுகிவிட்டான். மற்றவர்கள் நாளைக்கு எழுந்துகொள்வார்கள். அவரவருக்கு அவரவர் குடும்பம் இருக்கிறது. உனக்கு யார் இருக்கிறார்கள்? கடைசியாக ஒருமுறை முகத்தையாவது பார்த்துக்கொள்” என்றான்.

காத்தாயி மண்டியிட்டாள். வைக்கோலை விலக்கினாள். விரல் மண்ணில் பட்டது. அந்தக் கணத்தில் ஏனோ தலை நிமிர்ந்து பார்த்தாள். விடம்பன் குனிந்து, உதட்டை நக்கிக்கொண்டு, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிய கிழங்குக்கு எந்த வியாபாரியாவது இப்படிச் சப்புக்கொட்டுவானா? அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பல நாள் பேசாத தொண்டையிலிருந்து குரல் கரகரத்து வந்தது. “அழுகிப்போயிருந்தா நீங்களே எடுத்துக் காட்டுங்க, ஐயா.”

விடம்பனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கோலால் தோண்டினால் ஆணை என்னைத் தொடாது என்று நினைத்து மண்ணைக் கிளறினான். கிழங்கு தென்படவில்லை. அதுதான் அவ்வளவு ஆழத்தில் இருந்ததே. இன்னும் கிளறினான். பொறுமையற்றுப்போய், சரிந்து விழுந்த மண்ணைக் கையால் அள்ளி எறிந்தான். அவ்வளவுதான். மந்திரவாதி நின்ற இடத்தில் கோல் கிடந்தது. கோலுக்குப் பக்கத்தில் கறுத்த கிழங்கு ஒன்று கிடந்தது.

குழியின் அடியில், மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு பச்சை முனை மேல்நோக்கி வந்துகொண்டிருந்தது. வேடியப்பன் அழுகவில்லை. அவள் அன்பாகப் போட்ட மண்ணையெல்லாம் தாண்டி வரத்தான் அவனுக்கு அத்தனை நாள் பிடித்திருக்கிறது.

மறுநாள் வெயில் ஏற ஏறப் பூக்கள் விரிந்தன. மஞ்சள் பூவிலிருந்து தலைவர் எழுந்தார். “அந்த ஆள் போட்ட மருந்து நல்லாத்தான் இருக்கு, குளிரே தெரியலை” என்றார். அவர்களுக்கு ஒரு கண்ணிமைப் பொழுதுதான் போயிருந்தது. ஒருத்தி உரலைப் பார்த்து, தினையை யார் தின்றது என்று சத்தம்போட்டாள். குழந்தை பாலுக்கு அழுதது. நாய் குரைத்தது. ஊரெல்லாம் பேச்சு நிறைந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவே, குளிர்காலம் ஒன்று கழிந்ததை அறிந்த ஒரே ஆளாகக் காத்தாயி தன் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாயும் முன், ஒரே நாளில் குழியைத் தாண்டி வளர்ந்துவிட்ட அந்தப் பச்சை முனையில் கடைசிப் பூ விரிந்தது, சிவப்பாக. வேடியப்பன் எழுந்து அவளைப் பார்த்தான். ஒட்டிய கன்னத்தையும் வெடித்த விரல்களையும் பார்த்தான். “நீ ரொம்ப நாளாத் தனியா இருந்திருக்கே” என்றான்.

குளிர்காலம் முழுக்க அழாத காத்தாயி அப்போதுதான் அழுதாள். அழுது முடித்துச் சொல்லத் தொடங்கினாள். வேடியப்பன் கேட்டான், பிறகு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து ஊரே கேட்டது. அதற்கப்புறம் அவள் காட்டுக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் துணைக்குப் போனார்கள்.

கறுத்த கிழங்கை மிதித்து நசுக்க வேண்டும் என்றார்கள் சிலர். காத்தாயி விடவில்லை. உலகத்தில் எங்கேயும் சொந்த வாசல் இல்லாதவனை ஊர் எல்லையில் ஒரு சாண் ஆழத்தில் நட்டாள். அது மனுஷனாக எழவில்லை. வருஷா வருஷம் வாசனையில்லாத ஒரு சின்னப் பூ மட்டும் பூத்தது. அந்த வழியாகப் போகும்போது அவள் நின்று, அதனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள்.

அவர்கள் அந்தச் சரிவில் சுகமாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள்.