செங்கண்ணிக்கு வைக்காத கல்

கரும்பாறைக் காட்டில் ஒரு பெண் யானை இருந்தாள். வயிறு பெரிதாக இருந்ததால் எல்லோரும் அவளை மத்தளம் என்று கூப்பிட்டார்கள். கோபித்துக்கொள்வாளோ என்று முதலில் பயந்தார்கள். அவளோ, "நல்ல பேரா இருக்கே!" என்று வயிற்றைக் குலுக்கிக் காட்டினாள். அன்றிலிருந்து சின்னப் பிராணிகளுக்கெல்லாம் அவள் மத்தளக்கா.

காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் நடுவே ஒரு திட்டு. திட்டின் மேல் ஒரே ஒரு நாவல் மரம். ஆனி மாதம் வந்தால் மரத்தடி முழுவதும் பழம் உதிர்ந்து கறுத்துக் கிடக்கும். கரையில் நிற்கும் முயலுக்கும் கீரிக்கும் முள்ளம்பன்றிக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் ஆற்றின் இழுப்பு பொல்லாதது. கால் வைத்தவர் கரை சேர முடியாது.

இதற்கு மத்தளக்கா ஒரு வழி செய்தாள். கரையோரப் புதரிலிருந்து நீளமான ஒரு மூங்கிலைத் தும்பிக்கையால் வளைப்பாள். நுனி திட்டைத் தொட்டதும் முன்னங்காலால் மூங்கிலை அழுத்திக்கொண்டு நிற்பாள். சின்னவர்கள் அதன் மேல் நடந்து போய், வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். எல்லோரும் வந்த பிறகு அக்கா காலை எடுப்பாள். மூங்கில் விருட்டென்று நிமிர்ந்துவிடும். அவளும் மலைக்கு அந்தப் பக்கம் மேயும் தன் கூட்டத்தைத் தேடிப் போய்விடுவாள்.

எல்லோரும் வந்தாயிற்றா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்வை திட்டு வரை எட்டாது. ஆற்று இரைச்சலில் அங்கிருந்து கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. அக்காவின் பக்கத்தில் ஒரு பாறைக்குழி. மூங்கிலில் ஏறுமுன் ஒவ்வொருவரும் ஒரு கூழாங்கல்லை அதில் போட வேண்டும். திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து வீச வேண்டும். அக்கா அடிக்கடி தும்பிக்கையைக் குழிக்குள் விட்டுத் தடவுவாள். யார் போனார், யார் வந்தார் என்று அவள் எண்ணுவதில்லை. கல் இருந்தால் நிற்பாள். இல்லையென்றால் போய்விடுவாள். இதில் வாய்ப்பேச்சுக்கு இடமே இல்லை.

ஒரு நாள் குறுவாலன் என்ற முயல் மூக்குப் பிடிக்கப் பழம் தின்றான். கரைக்கு வந்தவன், கல்லை மறந்து நேரே வளைக்குப் போய்க் குறட்டை விட்டான். பாவம், மத்தளக்கா! குழியில் ஒரு கல் இருந்ததே! சாயங்காலம் வரை நின்றாள். இரவெல்லாம் நின்றாள். விடிந்து பார்த்தால், தும்பிக்கைக்கு எட்டிய இலை தழையெல்லாம் காலி. அவள் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"யாரோ அங்க இருக்காங்கன்னுதான் நின்னேன். காலு மரத்தே போச்சு" என்றாள் பாவமாக.

கல்லை மறந்தது குறுவாலன்தான் என்று தெரிந்ததும், கூடி நின்ற பிராணிகளை விலக்கிக்கொண்டு விரசன் முன்னால் வந்தான். விரசன் ஒரு கீரி. எதையும் விரசாக, அதாவது வேகவேகமாகச் செய்வான். அதைவிட விரசாக அடுத்தவர் குற்றத்தைக் கண்டுபிடிப்பான்.

"ஏண்டா குறுவாலா! காது இவ்வளவு நீளம் வச்சிருக்கே. நெனப்பு மட்டும் உன் வால் அளவுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். குறுவாலனின் காதுகள் இரண்டும் தொங்கிப்போயின.

விரசன் அதோடு விட்டானா? வீட்டுக்கு வந்தும் யோசித்தான். மறுநாள் மனைவி செங்கண்ணியோடு ஆற்றங்கரைக்குப் போனான். அவள் அப்போது நிறைமாதம். அவள் ஒரு கல்லை எடுத்துக் குழியில் போடப் போனபோது விரசன் தடுத்தான்.

"உனக்கு எதுக்குத் தனியா? நான் போட்டதே போதும்."

"ஆளுக்கொரு கல்லு இல்லையா?"

"கல்லு கூடுறதாலதான் மறதியும் கூடுது. ஒண்ணாப் போறோம், ஒண்ணா வர்றோம். புருஷன் பொண்டாட்டிக்குள்ள தனித்தனிக் கல்லா? கேக்கிறவங்க சிரிப்பாங்க!"

"யாரும் சிரிக்க மாட்டாங்க. நானும் ஒண்ணு போட்டுடறேனே."

"வேண்டாம்னா வேண்டாம்!"

நிறைமாதக்காரி எவ்வளவுதான் வாதாடுவாள்? கல்லைக் கீழே போட்டாள்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒன்றும் ஆகவில்லை. தன் யோசனையை நினைத்து விரசனுக்கே புல்லரித்தது. காட்டில் வேறு யாருக்காவது இது தோன்றியிருக்குமா?

நான்காம் நாள் மலை உச்சியில் கருமேகம் கவிந்திருந்தது. விரசனும் செங்கண்ணியும் தவிர யாரும் திட்டுக்குப் போகவில்லை. விரசன் வழக்கம்போல் அவசர அவசரமாகத் தின்றான். நாக்கு ஊதா நிறமாயிற்று. கண் சொக்கியது. செங்கண்ணியோ நல்ல பழமாகப் பொறுக்கி நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

"போலாமா?" என்றான் விரசன்.

"இன்னும் நாலே பழம். நீங்க முன்னால போங்க, இதோ வந்துடறேன்."

விரசன் கரைக்கு வந்தான். குழியில் ஒரே ஒரு கல் கிடந்தது. அதை எடுத்து வீசி எறிந்துவிட்டு மார்பை நிமிர்த்தினான்.

"பாத்தீங்களா மத்தளக்கா? நான் முயல் இல்லை. மறக்கவே மாட்டேன்!"

"நீ கெட்டிக்காரன்தான்" என்றாள் அக்கா.

விரசன் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அக்கா குழிக்குள் தும்பிக்கையை விட்டாள். கல் இல்லை. இன்னொரு முறை தடவினாள். இல்லை. காலை எடுத்தாள். மூங்கில் விருட்டென்று நிமிர்ந்தது. அவள் தன் கூட்டத்தைத் தேடி மலை ஏறினாள்.

வளைக்குள் படுத்த விரசன் சுகமாக ஒரு பக்கம் புரண்டான். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

அப்போதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆற்றங்கரைக்கு ஓடினான். மேலே பெய்த மழையில் ஆறு செம்மண் நிறமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. திட்டில் பாதி தண்ணீருக்குள். செங்கண்ணி வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாவல் மரத்து வேரில் ஏறி நின்றாள். "செங்கண்ணி! செங்கண்ணி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவளும் எதையோ கத்தினாள். இரண்டுமே ஆற்று இரைச்சலில் மூழ்கிப்போயின. விரசன் அழுதேவிட்டான்.

சத்தம் கேட்டுக் குறுவாலன் புதரிலிருந்து எட்டிப் பார்த்தான். திட்டைப் பார்த்தான், நிமிர்ந்து நின்ற மூங்கிலைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணே, நீங்க மலை ஏறி இறங்குறதுக்குள்ள வெள்ளம் திட்டை மூடிடும். அக்காவைக் கூட்டிட்டு வர நான் ஓடுறேன். நீங்க அவங்க கண்ணுல படுற மாதிரி இங்கயே நில்லுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் குறுவாலன் மறைந்துவிட்டான். விரசன் கரையில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றான். தண்ணீர் செங்கண்ணியின் பாதத்தைத் தொட்டது. பிறகு முழங்காலைத் தொட்டது. அவளையும் பிறக்கப் போகும் குட்டிகளையும் தானே ஆற்றில் தள்ளிவிட்டதுபோல அவனுக்குத் தோன்றியது.

தரை அதிர்ந்தது. மத்தளக்கா ஓடி வந்தாள், பின்னாலேயே குறுவாலனும்! வந்ததும் தும்பிக்கையைக் குழிக்குள் விட்டாள்.

"இங்க கல்லே இல்லையே! அவ கல்லு எங்க?"

விரசன் தலையைக் குனிந்தான். "அவ வைக்கலக்கா. நான்தான் வேண்டாம்னுட்டேன். இருந்த ஒண்ணையும் நானே எடுத்துட்டேன்."

"சரி, போடு கல்லை!"

"அக்கா, தண்ணி ஏறுது! இப்பப் போயா கல்லு?"

"இப்பத்தான் கல்லு! நீ நடு ஆத்துல இருக்கும்போது என் காலு எதை நம்பி நிக்கும்? போடு! உனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு!"

விரசன் இரண்டு கற்களைப் போட்டான். அக்கா மூங்கிலை வளைத்து மிதித்தாள். விரசன் ஓடினான். கழுத்தளவு தண்ணீரில் நின்ற செங்கண்ணியைப் பிடித்து இழுத்து மூங்கிலில் ஏற்றினான். இருவரும் பாதி தூரம் வந்திருப்பார்கள். வெள்ளத்தில் வந்த ஒரு மரக்கட்டை மூங்கிலில் மோதியது. மூங்கில் அதிர்ந்தது. சேற்றில் அக்காவின் கால் வழுக்கியது. வந்துவிட்டார்களா, இல்லையா? அவளுக்குத் தெரியவில்லை. குழியைத் தடவினாள். கல் இருந்தது. இரண்டும் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு காலை மறுபடியும் அழுத்தினாள்.

இருவரும் கரையில் வந்து விழுந்தார்கள்.

விரசன் மூச்சு வாங்க எழுந்து குழிக்குள் கையை விட்டான். பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது.

"என் கல்லைத் தொடாதீங்க!" என்றாள் செங்கண்ணி. தன் கல்லைத் தானே எடுத்தாள். ஆற்றில் எறியலாமா, அவன் மேல் எறியலாமா என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஆற்றில்தான் எறிந்தாள்; பெரிய மனசு அவளுக்கு!

விரசன் தன் கல்லை எடுத்து வீசினான். பிறகு குறுவாலன் பக்கம் திரும்பினான். வாய் திறக்க வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு உன்னை எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னது தப்புப்பா."

"அதை விடுங்கண்ணே" என்றான் குறுவாலன். "எனக்கு வால் அளவுதான் நெனப்பு, சரி. உங்க வாலு நல்லா நீளமாச்சே! உங்களுக்கு என்னாச்சு?"

மத்தளக்கா சிரித்த சிரிப்பில் அவள் வயிறு நிஜமாகவே மத்தளம்போல் அதிர்ந்தது.

வெள்ளம் வடிந்தது. விரசனும் செங்கண்ணியும் மறுபடியும் பழம் தின்ன வந்தார்கள். விரசன் குழியில் ஒரு கல் போட்டான். செங்கண்ணி தன் கல்லைப் போட்டாள். விரசன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் ஒன்றைப் போட்டான்.

"மூணாவது யாருக்குடா?" என்றாள் அக்கா.

"வயித்துல இருக்கிற குட்டிங்களுக்குக்கா. எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

"அதுங்க அவளோடயே போகும், அவளோடயே வரும். வந்து கல்லை யாரு எடுப்பா? எடுக்க ஆளில்லாத கல்லுக்காக நான் இன்னொரு ராத்திரி நிக்கணுமா? எடுடா அதை!"

விரசன் அசடு வழிய மூன்றாவது கல்லை எடுத்துக்கொண்டான்.

அடுத்த ஆனியில் நான்கு கீரிக்குட்டிகள் அந்தக் கரைக்கு வந்தன. நான்கின் வாயிலும் ஆளுக்கொரு கல் இருந்தது. விரசன் உதவி செய்யக் கை நீட்டினான். நான்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாங்களே குழியில் போட்டன.

நமக்காகப் பாரம் தாங்கி நிற்பவரிடம் நம் வரவையும் போக்கையும் நாமேதான் தெரிவிக்க வேண்டும். நமக்கும் சேர்த்து இன்னொருவர் சொல்லட்டும் என்று விட்டால், அவர் விடைபெறும்போது நமக்கும் சேர்த்தே விடைபெற்றுவிடுவார்.