மார்பளவு நீர்

முன்னொரு காலத்தில், ஆவணித் திங்கள் ஒன்பதாம் நாள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. மேல்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அந்நாட்டு மன்னருக்குப் புதிதாக ஓர் ஆசை பிறந்திருந்தது. எந்த ஆணையாயினும், அதிலுள்ள சொற்களின் பொருள், வழக்கு, பிறப்பு ஆகிய மூன்றும் அவையில் விளங்கிய பின்னரே நிறைவேற்றப்பட வேண்டும் என்றார்.

அன்று கடைமடை உழவர் வேலாண்டி வந்து நின்றார்.

"சாமி, நாத்தெல்லாம் கருகுது. ஏரி மதகைத் தெறக்கச் சொல்லுங்க. இன்னிக்குத் தண்ணி வரலன்னா மாட்டுக்குப் போடத்தான் ஆகும்."

ஏரி ஆணை வாசிக்கப்பட்டது: 'மன்னரின் மார்பளவு நீர் இருக்கும்போது மதகைத் திறக்கலாம்.' ஏரியிலோ இடுப்பளவு நீரே இருந்தது.

"மார்பு என்பது யாது?" என்றார் மன்னர்.

தலைமைப் புலவர் அனந்த பண்டிதர் எழுந்தார். விகடகவி ஆவுடைநம்பிக்கு மன்னர் தம் பக்கத்தில் இருக்கை அளித்த நாள் முதல் பண்டிதருக்கு உறக்கம் இல்லை.

"அரசே, மார்பு, ஆகம், அகலம் யாவும் ஓர் உறுப்பின் பெயர்களே. அகன்றிருப்பதால் அகலம் என்றனர் முன்னோர். ஆகவே மிக அகன்ற இடமே மார்பு. நீர் அக்குள்வரை ஏற வேண்டும்."

ஆவுடைநம்பி உழவரைப் பார்த்தான். அம்முகத்தில் கெஞ்சலும் வற்றிப் போயிருந்தது.

"பண்டிதரே, மார்ச்சளி பிடித்தால் அக்குளிலா தைலம் தடவுவீர்? கழுத்துக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே உள்ளது முழுவதும் மார்புதான். ஊரார் வழக்கு அது."

"இருக்கட்டும். நீர் இடுப்பில் அல்லவா நிற்கிறது? அதையும் பேசியே உயர்த்துவாரோ விகடகவி?" என்றார் பண்டிதர்.

அவையினர் சிரித்தனர். மன்னருக்கும் அது பிடித்துவிட்டது.

"உயர்த்தட்டும். ஒரு துளியும் சேர்க்காமல், பொழுது சாய்வதற்குள் நீர் என் மார்பைத் தொட வேண்டும். தொடாவிட்டால், நம்பி, நாளை முதல் உனக்கு இங்கே இடமில்லை."

"உத்தரவு, அரசே. அரியணையை மட்டும் ஏரிக்கு அனுப்புங்கள்."

எட்டுப் பேர் அதைச் சுமந்து சென்று, மதகருகே நீர் அளக்கும் இடத்தில் இறக்கினர். நம்பி கைகூப்பி மன்னரை அதில் அமரச் சொன்னான். மன்னர் அமர்ந்தார். நீர் அவர் மார்பின் நடுவே நின்றது.

"இது சூது. நின்று அளப்பதே முறை," என்றார் பண்டிதர்.

"நிற்க வேண்டும் என்று ஆணையில் இல்லையே, ஐயா. மன்னர் நின்றுகொண்டு எந்த ஆணையையாவது பிறப்பித்ததுண்டா? அரியணையில் அமர்ந்தால்தானே அவர் சொல் செல்லும்?"

பட்டாடை மிதக்க, மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் மார்பிலிருந்த பதக்கத்தைக் கழற்றி நம்பிக்கு அணிவித்து, "மதகைத் திற," என்றபடி எழ முயன்றார்.

"சாமி, எந்திரிச்சிராதீங்க," என்றார் வேலாண்டி கரையிலிருந்து. "நீங்க எந்திரிச்சா தண்ணி மறுபடி இடுப்புக்கு வந்துரும். பண்டிதர் மதகை மூடச் சொல்வாரு."

மன்னர் மீண்டும் சிரித்து, அப்படியே அமர்ந்தார். கடைமடை வயலில் நீர் ஏறிய செய்தி வந்த பின்னரே எழுந்தார். அப்போது பகல் இருபத்தேழு நாழிகை; பொழுது சாய இன்னும் மூன்று நாழிகையே இருந்தது.