கட்டிலுக்கு எதிர்ச்சுவர்

தாமிரபரணிக்குத் தென்கரையில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரம், யானை என்று போக வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு கிணறு, பின்னால் நாலு வாழை. அவ்வளவுதான். அதில் இருந்தவர் சடையப்ப சாமி. பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள்தான் அதிகம்.

அவருக்குச் சீடன் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருவன். தில்லைநாயகம். வயது ஐம்பத்திரண்டு, சாமியைவிட நாலு வயது மூப்பு. ஊருக்குள் டைல்ஸ் கடை வைத்திருந்தான். ஞாயிறு தவறாமல் வருவான், கூடத்தைப் பெருக்குவான், தண்ணீர் இறைப்பான், ஒரு கேள்வி கேட்பான். பதில் வந்தால் வரும்.

அன்றைக்கு ஞாயிறில்லை. தை பிறந்து ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை. விளக்குமாற்றைத் தொடவில்லை. நேரே வந்து உட்கார்ந்தான். திருநீறு வேண்டும் என்றான்.

அம்மாவுக்கு.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடப்பவள். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆனாலும் சாப்பாட்டில் குறை இருந்ததில்லை. ரசம் விட்டுக் குழைத்த சோற்றை மருமகள் கோமதி ஊட்டினால் ஒரு கிண்ணம் காலியாகும். இப்போது பதினோரு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். வெந்நீர் மட்டும் இறங்குகிறது. டாக்டர் வந்து பார்த்துத் தொண்டையில் கோளாறு இல்லை என்றார். மூக்கு வழியாகக் குழாய் போட்டார். இடது கையால் அதைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு தடவை. இப்படியே போனால் இன்னும் பத்து நாள் தாங்குவது சிரமம் என்று சொல்லிவிட்டார்.

"ஏன் சாமி வாயைத் திறக்க மாட்டேங்கா?"

வீட்டில் என்ன மாறியது என்று சாமி கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்றான் தில்லைநாயகம். அவனைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அதே கட்டில், அதே கூடம், அதே கிண்ணம்.

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் யார் வீட்டுக்கும் போகிறவரில்லை. தில்லைநாயகம் முன்னால் நடந்து வழி காட்டினான்.

அவன் அம்மா, சௌந்தரவல்லி டீச்சர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. எழுபத்தொன்பது வயது. இப்போது ஒரு பிடி ஆள். முன்கூடத்தில் கிடந்தாள். மூக்கில் கண்ணாடி இருந்தது. பொழுது போகட்டும் என்று தினமும் காலையில் அதைத் துடைத்து மாட்டிவிடுவது கோமதிதான்.

சாமி போய்ப் பக்கத்தில் நின்றார். டீச்சர் அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்தாள். சாமியும் திரும்பினார்.

சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு தெர்மாகோல் அட்டை. வண்ண வண்ணமாகப் படங்கள். ஒவ்வொன்றின் மேலும் மாசத்தின் பேர், கொட்டை எழுத்தில்.

"என்னவே இது?"

விஷன் போர்டு என்றான் தில்லைநாயகம். மார்கழியில் திருநெல்வேலியில் ஒரு ஓட்டல் ஹாலில் ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். வருஷத்தில் என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் படமாக வெட்டி ஒட்டி, வீட்டில் எல்லார் கண்ணும் படுகிற சுவரில் மாட்டிவிட வேண்டும். பார்க்கப் பார்க்க நடக்குமாம். ஜனவரி ஒன்றாம் தேதி பூஜையறையில் சூடம் காட்டிவிட்டு மாட்டினான். சொல்லும்போது, அந்த நிலைமையிலும், குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"இந்த ஓடுதவன் யாரு?"

"நான்தான் சாமி. ஜனவரி. உடம்பைக் குறைக்கணும்."

"எவனோட உடம்புலயோ உம்ம தலையை ஒட்டியிருக்கீரு. அவன் சம்மதிச்சானா?"

கோமதிக்குச் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமி சிரிக்கவில்லை. துண்டைத் தரையில் விரித்தார். கட்டிலை ஒட்டி, டீச்சரின் தலைமாட்டுக்கு நேராகத் தலையை வைத்து மல்லாந்து படுத்தார். அங்கிருந்து சுவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கோமதி கிண்ணத்தோடு நின்றபடியே நின்றாள். தெருவில் கீரைக்காரி கத்திக்கொண்டு போனாள்.

"இங்க வந்து சரியும்."

தில்லைநாயகம் தயங்கினான். பிறகு வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்தான். அவன் கடை டைல்ஸ்தான். முதுகில் சில்லென்று ஏறியது.

"வாசியும். சத்தமா."

வாசித்தான். ஜனவரி, உடம்பு. பிப்ரவரி, தென்காசியில் இரண்டாவது கடை. ஏப்ரல், கோயம்புத்தூரில் ஒன்பதாவது மாடி வீடு. பக்கத்தில் இந்த வீட்டின் போட்டோ, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, கீழே 'விற்றாச்சு'. ஜூன், பனிமலை, மலைக்கு முன்னால் அவன் தலை, கோமதி தலை, மகன் தலை, மகள் தலை. செப்டம்பர், மகளுக்கு மெடிக்கல் சீட். டிசம்பர், வெள்ளைக் கார். காருக்குள் அதே நாலு தலை.

தடங்கல் இல்லாமல் வாசித்து முடித்தான்.

"இன்னொருக்க."

மறுபடியும் வாசித்தான். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. டீச்சரின் மூச்சுச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கே டைம்டேபிள் போட்டவள். கட்டம் கட்டமாக எழுதிய எதையும் மேலோட்டமாகப் பார்த்துப் பழகாதவள். வாயை மூடுவதற்கு முன்னால் எட்டு நாள் இதைத்தான் வாசித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"ஏப்ரலுக்குப் பொறவு இந்தக் கட்டிலு எங்க கிடக்கும்?"

தில்லைநாயகத்துக்குக் கேள்வி புதிதில்லை. ஏப்ரல் படத்தை வெட்டும்போது அவனே கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தான். அதுக்குள்ள ஒரு வழி பிறந்திரும் என்று நினைத்தான். என்ன வழி என்று நினைக்கவில்லை. பசையை எடுத்துத் தடவினான்.

"அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே சாமி."

"எழுதியிருக்கீரு. ஜூன்ல நாலு தலை, டிசம்பர்ல நாலு தலை."

அவன் தலையைத் திருப்பினான். கட்டில் சட்டத்துக்கு மேலே அம்மாவின் கண்ணாடி தெரிந்தது. அவள் சுவரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

விழுந்தடித்துக்கொண்டு எழுந்தான். அட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். ஆணியோடு வந்தது. முழங்காலில் வைத்து ஒடித்தான். வெள்ளை வெள்ளையாகப் பொடி பறந்து அவன் தலையிலும் மீசையிலும் ஒட்டியது. அதைத் துடைக்கக்கூட இல்லை. கோமதியிடமிருந்து கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு கட்டில் பக்கத்தில் மண்டி போட்டான்.

வீட்டை விற்கவில்லை என்றான். எங்கேயும் போகவில்லை என்றான். கடைக்குக்கூடப் போகவில்லை, இங்கேயே கிடக்கிறேன் என்றான். கரண்டியை அவள் உதட்டில் வைத்தான்.

"ஒரு வாய்ம்மா."

டீச்சர் இடது கையைத் தூக்கினாள். கரண்டியைத் தட்டிவிடப் போகிறாள் என்று கோமதி நினைத்தாள். தட்டவில்லை. அவன் மீசையில் இருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்தாள். கன்னத்தைத் தடவினாள். மூன்று நான்கு தடவை. முகத்தில் கோபம் என்று ஒரு துளி இல்லை.

வாய் திறக்கவில்லை.

சோறு உதட்டோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது.

சாமி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தில்லைநாயகம் கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடினான்.

"சாமி, அதான் கழத்திட்டேன்லா? பொறவும் ஏன்?"

சாமி செருப்பில் காலை நுழைத்தார்.

"சுவத்துலருந்து கழத்திட்டீரு. டீச்சரு வாசிச்சு முடிச்சாச்சுவே."