விரியன் சொன்ன இடமும் குரங்கு காட்டிய விளக்கும்

ஒரு காட்டில் செவலை என்றொரு கோழி இருந்தாள். யார் துணையும் இல்லாமல் கிளறித் தின்று வளர்ந்தவள். பேரம் பேசாமல் ஒரு புழுவைக்கூட வாங்கமாட்டாள். கோபம் எப்போதும் அலகு நுனியில்.

அவளுடைய ஒன்பது குஞ்சுகளில் மூன்றைக் காட்டுப்பூனை இருட்டில் கவ்விப் போய்விட்டது. மிச்சம் ஆறு. பூனையைக் குத்தி விரட்ட முள்ளம்பன்றி தயாராக இருந்தான். ஆனால் அவனுக்குப் பார்வை மந்தம். எங்கே குத்துவது என்று யாராவது சொன்னால் போதும் என்றான்.

இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். குழிவிரியன், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள குழியால் இருட்டிலும் உடம்புச் சூட்டை அறிபவன். கூலியாக, வெயில் காய செவலையின் பாறையை ஒரு மாதம் கேட்டான். இன்னொருவன் குரங்கு. அவனிடம், காடு பார்க்க வந்த யாரோ தவறவிட்ட சிவப்பு டார்ச் இருந்தது. அந்த வெளிச்சம் பூனையின் கண்ணுக்கு உறைக்காதாம். அவன் இருபது நாள் அத்திப்பழம் கேட்டான்.

விரியனைப் பத்து நாளுக்கு இறக்கினாள் செவலை. குரங்கு இறங்கவில்லை. போடா என்று விரட்டிவிட்டாள்.

அன்றிரவு விரியன் மெல்லச் சொன்னான்: "வேலம்புதரில் சூடு. பெரிசு."

முள்ளம்பன்றி முதுகு முள்ளை விரித்துப் பின்பக்கமாகப் பாய்ந்தான். அலறியது மிளா. பாவம், தூங்கிக்கொண்டிருந்த மான். பிட்டத்தில் ஏழு முள்ளோடு ஓடிய ஓட்டத்தில் காடே விழித்துக்கொண்டது.

"சூடு தெரிஞ்சா போதுமா? யார் சூடுன்னு தெரிய வேண்டாமா?" என்று பாய்ந்தாள் செவலை.

"நீ இடம் கேட்டாய். ஆள் பேர் கேட்கவில்லையே அக்கா" என்றான் விரியன்.

மறுநாள் வேறு வழியில்லாமல் விரியனை நிறுத்திவிட்டுக் குரங்கைக் கூப்பிட்டு, கேட்ட பழத்துக்கே ஒப்புக்கொண்டாள். டார்ச்சின் வட்டம் ஒரு முறம் அகலம்தான். அன்றிரவு குரங்கு கிழக்கே புதர் புதராகத் தேட, பூனை மேற்கே வந்தது. செவலை கொத்திய கொத்தில் கடைக்குட்டியின் உயிர் தப்பியது. அதன் வால் இறகுதான் போய்விட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் இருவரையும் நிற்க வைத்தாள்.

"ஒருத்தனுக்கு இடம் தெரியும், ஆள் தெரியாது. இன்னொருத்தனுக்கு ஆள் தெரியும், இடம் தெரியாது. பாதி வேலைக்குப் பாதிக் கூலி. இஷ்டமிருந்தா இருங்க, இல்லேன்னா நடையைக் கட்டுங்க."

முணுமுணுத்தபடியே இருவரும் வேலையில் தங்கினார்கள்.

இருட்டியது. புற்றுப் பக்கம் சூடு என்றான் விரியன். முள்ளம்பன்றி எழுந்தான்.

"பொறு" என்றாள் செவலை.

குரங்கு அங்கே டார்ச்சைத் திருப்பினான். புல் மென்றுகொண்டிருந்தது ஒரு முயல். விட்டுவிட்டார்கள்.

"இலந்தைக்குக் கீழே இன்னொன்று" என்றான் விரியன்.

சிவப்பு வட்டம் அங்கே போனது. இரண்டு கண்கள் கனலாய் மின்னின. எதுவும் அறியாமல் மீசையை நக்கிக்கொண்டிருந்தது காட்டுப்பூனை.

"அவனேதான்" என்றான் குரங்கு.

முள்ளம்பன்றி பின்பக்கமாகப் போனான். அடுத்த நொடி எழுந்த அலறல் மலை தாண்டித்தான் ஓய்ந்தது. பூனை திரும்பவே இல்லை. கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது மிளா.

விடிந்ததும் பாதிக் கூலி வாங்க இருவரும் வந்தார்கள். வாலில்லாத கடைக்குட்டி அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடியது. செவலை பத்து நாளுக்குப் பாறையைக் கொடுத்தாள். இருபது நாள் பழத்தையும் கொடுத்தாள்.

"பாதின்னு சொன்னியே அக்கா?" என்றான் குரங்கு.

"நேத்து நடந்தது முழு வேலை. வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோ, மனசு மாறிடப் போகுது."

நீதி: சத்துரு இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது, அது அவன்தானா என்று பார்த்த பிறகே அடிக்க வேண்டும்.